'ஆஃப் த ஃபேன்' ஏன் தப்பு? ஃபிரேசல் வெர்ப் பட்டியல் மனப்பாடம், வாயில் மட்டும் வரவில்லை

#1 மதுரைப்பையன்

வணக்கம். ஃபிரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஆஃப், அப் மாதிரி ஒரு குட்டிச் சொல் சேர்ந்து வருவது, 300-க்கு மேல் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் அணை, 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் நிரப்பிவிடலாம். பேசும்போது எதுவும் வருவதில்லை. வந்தாலும் 'இட்'டை எங்கே வைப்பது என்று நாக்கு நின்றுவிடுகிறது. மூன்று சந்தேகம்:

1. 'டர்ன் ஆஃப் இட்' தப்பு, 'லுக் ஆஃப்டர் இட்' சரி. எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக உருப்போடாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
2. 300 போதுமா, 1000 வேண்டுமா?
3. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் இவற்றை எழுதவே கூடாது என்கிறார்களே, நிஜமா?

#2 இலக்கணக்கிறுக்கன்

முதல் கேள்விக்கு வழி இருக்கிறது தம்பி. வினையை விடுங்கள், அதற்குப் பின்னால் நிற்கும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். மூன்று கூடை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூடையில் அட், ஃபார், ஃப்ரம், இன்டு, ஆவ், டு, வித், ஆஃப்டர், அகெய்ன்ஸ்ட். இவை அநேகமாக எப்போதும் பிரிப்பொசிஷனாக, அதாவது பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு ஒட்டும் சொல்லாக, வேலை செய்பவை. பெயர்ச்சொல் வந்தாலும் 'இட்' வந்தாலும் இவற்றுக்குப் பின்னால்தான். 'லுக் ஆஃப்டர் இட்', 'ரன் இன்டு ஹிம்', 'ஆஸ்க் ஃபார் இட்', 'டீல் வித் தெம்'. இதில் விவாதமே கிடையாது.

இரண்டாவது கூடையில் அவே, பேக், அவுட், அபார்ட், ஃபார்வர்ட், டுகெதர். செயப்படுபொருள் இருந்தால் இவை பிரியும். 'த்ரோ இட் அவே', 'கிவ் இட் பேக்', 'வொர்க் இட் அவுட்', 'டேக் இட் அபார்ட்'. அமெரிக்கர்கள் 'லுக் அவுட் த விண்டோ' என்பார்கள். அந்த ஒரு வகையில் மட்டும் 'அவுட்' பிரிப்பொசிஷன்.

தலைவலி மூன்றாவது கூடையில்: அப், டவுன், ஆன், ஆஃப், இன், ஓவர், த்ரூ, அக்ராஸ். இவை இரண்டு வேஷமும் கட்டும். 'ஹி ரேன் அப் த ஹில்' என்றால் மலை ஏறினான். 'ஹி ரேன் அப் எ பில்' என்றால் கடன் ஏற்றிக்கொண்டான். வெளியே பார்க்க ஒரே அச்சு. 'இட்' போட்டதும் வேஷம் கலைந்துவிடும். மலைக்கு 'ரேன் அப் இட்', கடனுக்கு 'ரேன் இட் அப்'. மலை விஷயத்தில் 'அப்' மலையோடு ஒட்டிய சொல், எங்கே ஓடினான் என்று சொல்கிறது. கடன் விஷயத்தில் அது வினையோடு ஒட்டிய சொல். ஆகவே 'இந்தக் குட்டிச் சொல் யாரோடு ஒட்டியிருக்கிறது?' என்று கேட்டுப் பார்த்தால் மூன்றாவது கூடையில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். மிச்சம் இருப்பவை 'கெட் ஓவர் இட்', 'கம் அக்ராஸ் இட்', 'கோ த்ரூ இட்' மாதிரிச் சில. அவற்றை உருப்போடத்தான் வேண்டும்.

பிரியும் வகைக்கு இடவிதி இது. பெயர்ச்சொல்லானால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்: 'டர்ன் த ஃபேன் ஆஃப்', 'டர்ன் ஆஃப் த ஃபேன்'. இட், ஹிம், ஹெர், தெம், மீ, அஸ் என்றால் நடுவில் மட்டும். பெயர்ச்சொல் தொடர் நீளமாக இருந்தால் பின்னால் தள்ளுங்கள்: 'டர்ன் ஆஃப் த ஃபேன் இன் த ரூம் நெக்ஸ்ட் டு த கிச்சன்'. இதை நடுவில் போட்டால், அந்த 'ஆஃப்' வருவதற்குள் கேட்பவர் வினையையே மறந்திருப்பார்.

இப்படி ஏன் என்றால், ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசி இடம் புதுச் செய்திக்கு உரியது. 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த பழைய ஆள், அதற்கு அந்த இருக்கை கிடையாது. தமிழில் அந்த முக்கிய இருக்கை வினைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதனால்தான் நமக்கு இது காதில் உறைப்பதில்லை.

இன்னொன்று. தமிழ் எழுத்தில் 'ஆஃப்' என்று எழுதினால் இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒன்றாகிவிடும். அணைப்பதில் வரும் சொல் 'ஆஃப்', உதட்டில் காற்றோடு முடியும். 'ரன் அவுட் ஆவ்' என்பதில் வருவது 'வ்' ஒலியோடு முடியும். இந்த இழையில் இரண்டையும் பிரித்தே எழுதுவோம்.

#3 டெர்மினல்தாஸ்

தலைப்பில் கேட்ட கேள்விக்கு யாரும் வரவில்லையே.

தமிழில் 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்கிறோம். அதாவது 'டர்ன்', 'சுவிட்ச்' இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, குட்டிச் சொல்லை மட்டும் வைத்து அதோடு 'பண்ணு' சேர்த்துவிட்டோம். தமிழில் அது கச்சிதம். அதையே ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது 'பண்ணு'வை எடுத்துவிடுகிறோம், கையில் மிஞ்சுவது 'ஆஃப் த ஃபேன்'. வினையே இல்லாத வாக்கியம்.

இந்த ஒரு கோளாறிலிருந்து கிளைக்கும் தப்புகள் ஏராளம். கம்ப்யூட்டர் வேலையில் தினம் பார்க்கலாம். 'பேக்கப் பண்ணினேன்' என்பதை 'பேக்கப்ட்' என்று எழுதுகிறார்கள். 'செட்டப் பண்ணினேன்' 'செட்டப்ட்' ஆகிறது. 'லாகின் பண்ணினேன்' 'லாகின்ட்' ஆகிறது. இறந்தகாலக் குறி எப்போதும் வினையின் மேல்தான் விழும், குட்டிச் சொல்லின் மேல் விழாது. 'பேக்ட் அப்', 'லாக்ட் இன்'. 'செட்' மாறவே மாறாது, ஆகவே நேற்றும் 'செட் அப்'தான்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ச்சொல்லானால் சேர்த்து எழுதுவார்கள்: லாகின், பேக்கப், செட்டப், ஷட்டவுன். வினையானால் இடைவெளி விட்டு இரண்டு சொல். ஒரு பட்டனின் மேல் 'லாக் இன்' என்று இடைவெளியோடு இருந்தால் அது வினை, 'உள்ளே வா' என்கிறது. 'லாகின் பேஜ்' என்று சேர்ந்திருந்தால் பெயர். 'லாகின் டு த சர்வர்' என்று சேர்த்து எழுதிய மேனுவல்கள் நிறைய உண்டு. 'லாக் இன் டு த சர்வர்' என்பதே சரி.

#4 வகுப்பறைமேசை

டெர்மினல்தாஸ் சார் சொன்ன 'பண்ணு' கணக்கை வைத்தே மற்ற உள்ளூர் வழக்குகளையும் போட்டுவிடலாம். இதில் எது தப்பு, எது இந்திய ஆங்கில வழக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தப்பு என்று அடிப்பது நியாயமில்லை.

'கால் கட் ஆயிடுச்சு'. லைன் தானாக அறுந்தால் 'வீ காட் கட் ஆஃப்'. அவர் கோபத்தில் வைத்துவிட்டால் 'ஹி ஹங் அப்', 'ஹி ஹங் அப் ஆன் மீ'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கட்'. ஆங்கிலத்தில் யார் மேல் பழி என்பதே மாறிவிடும்.

'டிராப் பண்றேன்'. 'ஐ வில் டிராப் யூ அட் த ஸ்டேஷன்' என்று இங்கே எல்லோருக்கும் புரியும். வெளியில் பேசும்போது கடைசியில் 'ஆஃப்' சேருங்கள்: 'ஐ வில் டிராப் யூ ஆஃப்'. விசித்திரம் என்னவென்றால் 'பிக்கப்'பில் குட்டிச் சொல்லை வைத்துக்கொண்டோம், 'டிராப்'பில் விட்டுவிட்டோம்.

'பஸ்ஸிலிருந்து கெட் டவுன்'. நம் ஊர் வழக்கு. பிரிட்டனில், அமெரிக்காவில் 'கெட் ஆஃப் த பஸ்'. விதி எளிது: உள்ளே நிமிர்ந்து நடக்க முடிகிற வண்டி, அல்லது மேலே கால் போட்டு உட்காரும் வண்டி என்றால் ஆன், ஆஃப். பஸ், ரயில், விமானம், கப்பல், சைக்கிள், குதிரை இதில் அடங்கும். குனிந்து நுழைந்து உட்கார வேண்டிய கார், டாக்ஸி, ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆவ்'. பயணம் செய்துகொண்டிருந்தாலும் அதே: 'ஆன் த பஸ்', 'இன் த கார்'.

'ஃபார்ம் ஃபில்லப்'. விண்ணப்பம் என்றால் பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. 'ஃபில் அப்' பெட்ரோல் டேங்குக்கு.

'2019-இல் பாஸ் அவுட்'. இங்கே பட்டம் முடித்தார் என்று பொருள். வெளிநாட்டுக்காரர் காதில் 2019-இல் மயங்கி விழுந்தார் என்று விழும். ராணுவத்தில் மட்டும் பயிற்சி முடிப்பது என்ற பொருள் ஆங்கிலேயர்களுக்கும் உண்டு. நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கும் அணிவகுப்புக்குப் பெயரே 'பாசிங் அவுட் பரேட்'. பயோடேட்டாவில் 'கிராஜுவேட்டட்' என்று எழுதிவிடுங்கள், வம்பில்லை.

'ப்ரீபோன்'. இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறது. வெளியே 'பிரிங் ஃபார்வர்ட்' அல்லது 'மூவ் அப்'. 'போஸ்ட்போன்' பண்ணினால் 'புட் ஆஃப்', 'புஷ் பேக்'.

இனி வருபவை வழக்கு அல்ல, தப்பு. 'கோப் அப் வித்' என்று ஒன்று கிடையாது. 'கோப் வித்', 'கீப் அப் வித்' இரண்டும் கலந்த கூட்டுப் பொரியல் அது. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் முன்னால் இருக்கும் 'ரி'யே திரும்ப என்றுதான் சொல்கிறது, பேக் எதற்கு? 'ரிவர்ட் பேக்' அதைவிட மோசம். பதில் சொல்கிறேன் என்பதற்கு 'ஐ வில் கெட் பேக் டு யூ'.

#5 அடிக்கோடு

இரண்டாவது கேள்வி, எத்தனை வேண்டும் என்பது.

எண்ணிக்கையில் ஓடாதீர்கள். 2007-இல் கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற 10 கோடிச் சொல் தொகுப்பை எண்ணிப் பார்த்தார்கள். 20 வினைகள், 8 குட்டிச் சொற்கள், இவை ஒன்றோடொன்று சேர்ந்து வருபவையே அங்கிருந்த ஃபிரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல். தலைவரிசையில் நின்றவை 'கோ ஆன்', 'கேரி அவுட்', 'செட் அப்', 'பிக் அப்'. பயிற்சிப் புத்தகங்கள் அலங்காரமாகப் போடும் 'கிக் த பக்கெட்' வகையறாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2015-இல் கார்னியே, ஷ்மிட் இருவரும் இன்னொரு படி போனார்கள். அதிகம் வரும் 150 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அகராதி சொல்லும் எல்லாப் பொருளையும் அடுக்காமல், நிஜத்தில் அடிக்கடி வரும் பொருளை மட்டும் வைத்தார்கள். சராசரியாக ஒன்றுக்கு 2 பொருள்தான் மிஞ்சியது. ஆக 150 எடுத்து, ஒன்றுக்கு 2 பொருள் கைவசமானால் போதும். உங்கள் 300-ஐ முதலில் பாதியாக வெட்டுங்கள்.

#6 சொல்லாடி

குட்டிச் சொல்லுக்கு இவ்வளவு பேசியாகிவிட்டது, அதன் பொருளைத் தமிழிலிருந்தே பிடிக்கலாம் என்பதையும் சேர்க்கிறேன். நம் துணைவினைகள் செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் இந்தக் குட்டிகள் செய்கின்றன.

'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. முடித்துத் தீர்த்துவிடு என்கிறது அந்த 'விடு'. ஆங்கிலத்தில் அதே வேலை 'அப்'புக்கு: ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப், டியர் அப். கடைசியாகச் சொன்னது 'கிழித்துப்போடு'.

'கொண்டே இரு' எங்கே வருமோ அங்கே பெரும்பாலும் 'ஆன்': கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன், ரீட் ஆன். 'திருப்பி' வரும் இடத்தில் 'பேக்': திருப்பிக் கொடு, திருப்பி அடி, திருப்பிக் கூப்பிடு. 'சும்மா' வரும் இடத்தில் 'அரவுண்ட்': சும்மா சுற்றுவது 'ஹேங் அரவுண்ட்', சும்மா விளையாடுவது 'மெஸ் அரவுண்ட்'. 'எழுதித் தள்ளுகிறார்' என்பதற்கு 'சர்ன் அவுட்' அப்படியே உட்காரும், அதில் இருக்கும் லேசான இளக்காரம் உட்பட.

'தள்ளிப்போடு', 'கண்டுபிடி', 'பார்த்துக்கொள்' மூன்றையும் பிரித்துப் பாருங்கள். கண்டுபிடிப்பதில் யாரும் எதையும் பிடிப்பதில்லை. தள்ளிப்போடுவதில் போடுவது எதுவுமில்லை. 'புட் ஆஃப்' மட்டும் ஏன் புரியாத புதிராகத் தெரிய வேண்டும்?

#7 வகுப்பறைமேசை

சொல்லாடி ஐயா, படிக்க அழகாக இருக்கிறது, வகுப்பில் பாதி வழியில் காலை வாரிவிடும். 'அப்' முடித்துத் தீர்ப்பது என்றால் 'த்ரோ அப்'பில் என்ன தீர்ந்தது? 'ஷோ அப்'பில்? 'ஸ்லோ டவுன்', 'ஸ்லோ அப்' இரண்டும் வேகத்தைக் குறைப்பதுதான், அங்கே 'அப்'பும் 'டவுன்'னும் எதிரெதிராகவே இல்லை. 'டர்ன் டவுன்' ரேடியோவுக்குச் சத்தம் குறைப்பது, வேலை வாய்ப்புக்கு மறுப்பது. 'மேக் அப்' சாக்குக்கு ஜோடித்துச் சொல்வது, சண்டைக்குச் சமாதானமாவது, விட்டுப்போன வகுப்புக்கு ஈடுகட்டுவது.

பொருளைத் தீர்மானிப்பது கூட வரும் பெயர்ச்சொல். ஆகவே உருப்போட வேண்டியது 'கால் ஆஃப் = ரத்து செய்' என்று இல்லை. 'கால் ஆஃப்' எதோடு சேரும் என்று: மேட்ச், கல்யாணம், ஸ்டிரைக், தேடுதல். 'கேரி அவுட்' எதோடு: சர்வே, டெஸ்ட், ரிப்பேர், உத்தரவு, தாக்குதல். 'புட் அவுட்' எதோடு: நெருப்பு, சிகரெட், மெழுகுவத்தி. 'புட் ஆஃப்' எதோடு: மீட்டிங், முடிவு, பயணம். வினையும் வரலாம், அப்போது 'இங்' சேர வேண்டும்: 'புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்'.

ரத்து, தள்ளிவைப்பு குழப்பமும் இதில் தீரும். மழையால் மேட்ச்சை 'கால் ஆஃப்' என்றால் இன்றைய மேட்ச் அவ்வளவுதான், டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 'புட் ஆஃப்' என்றால் இன்னொரு நாள் நடக்கும்.

#8 சொல்லாடி

'த்ரோ அப்'பை ஒப்புக்கொள்கிறேன், அங்கே 'அப்' நிஜமாகவே மேலே வருகிறது! துணைவினை வழி புதிதாக ஒன்றைப் படிக்கும்போது ஊகிக்க உதவும், சொந்தமாகப் புதிதாக உண்டாக்க உதவாது. அந்த எல்லையோடு வைத்துக்கொள்வோம்.

#9 இரவுப்பணி

பிரிட்டன் போகும் நர்ஸ்களுக்கான ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) பயிற்சியில் இதே தலைப்பு வேறு முகத்தில் வரும். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் நோயாளியோடு பேசுவதாக இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். பாடப் புத்தகத்தில் 'வாமிட்', 'ஃபெய்ன்ட்', 'இன்ஃப்ளமேஷன்' என்று படித்தவர்களுக்கு, நிஜ வார்டில் ஒரு மூதாட்டி பேசும்போது அந்தச் சொல் ஒன்றுகூட வராது. அவர் வாயில் வருபவை இவை:

'ஐ த்ரூ அப் ட்வைஸ்' என்றால் இரண்டு முறை வாந்தி. 'பிரிங் அப்' சாப்பாட்டுக்கும் வரும், சளிக்கும் வரும். இருமலோடு 'ஐம் பிரிங்கிங் அப் கிரீன் ஸ்டஃப்' என்றால் பச்சைச் சளி. வாந்தி என்று குறித்துவிட்டால் சிகிச்சை திசைமாறும்.

'ஐ பாஸ்ட் அவுட்', 'ஐ பிளாக்ட் அவுட்' என்றால் நினைவு தப்பியது. நினைவு திரும்பினால் 'கேம் ரவுண்ட்', 'கேம் டு'. 'டு'வை இந்த இடத்தில் நன்றாக அழுத்திச் சொல்வார்கள்.

'மை நீ இஸ் பிளேயிங் அப்' என்றால் முட்டி விளையாடவில்லை, முட்டி படுத்துகிறது. இது பிரிட்டிஷ் வழக்கு.

'ஐ கேம் அவுட் இன் எ ராஷ்' என்றால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மருந்து கொடுத்த பிறகு இதைச் சொன்னால் உடனே ஒவ்வாமை பற்றிக் கேட்க வேண்டும்.

வீக்கம் வந்தால் 'ஸ்வெல் அப்', வடிந்தால் 'கோ டவுன்'. வலி மாத்திரையின் வேகம் அடங்கினால் 'வேர் ஆஃப்'. புண்ணோ தொற்றோ ஆறினால் 'கிளியர் அப்'. பழைய நோய் திரும்பக் கிளம்பினால் 'ஃப்ளேர் அப்'. உப்பைக் குறைக்கச் சொல்ல 'கட் டவுன் ஆன் சால்ட்', அடியோடு விடச் சொல்ல 'கிவ் அப்' அல்லது 'கட் அவுட்'. இந்தக் 'கட் டவுன் ஆன்', 'கட் அவுட்' வித்தியாசத்தைத் தவறவிட்டால் நோயாளிக்குப் போகும் அறிவுரையே வேறு.

நீங்கள் திரும்பப் பேசும்போதும் அதே சொற்களில் பேசுங்கள். 'வென் டிட் த எமிசிஸ் பிகின்' என்று வாந்திக்கு மருத்துவச் சொல் போட்டுக் கேட்டால் தேர்வாளருக்கும் பிடிக்காது, நோயாளிக்கும் புரியாது.

#10 டெர்மினல்தாஸ்

'வாஷ் அப்'பையும் சேருங்கள். பிரிட்டனில் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் கை முகம் கழுவுவது. 'நாக் அப்' இன்னும் ஆபத்து. பழைய பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்புவது, அமெரிக்காவில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது. ஹோட்டல் வரவேற்பறையில் காலை 6 மணிக்கு எழுப்பச் சொல்லும்போது 'வேக் மீ அப்' போதும்.

#11 இலக்கணக்கிறுக்கன்

மூன்றாவது கேள்வி, ஐஇஎல்டிஎஸ்.

எழுதவே கூடாது என்பது அரைகுறைப் பேச்சு. 'கேரி அவுட்', 'பாயின்ட் அவுட்', 'ரூல் அவுட்', 'பிரிங் அபௌட்', 'அக்கவுன்ட் ஃபார்', 'செட் அப்' எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளிலேயே புழங்குபவை. தயங்காமல் எழுதுங்கள். கட்டுரையில் உறுத்துபவை 'கெட்' போட்டு வருபவையும் வீட்டுப் பேச்சும்தான். 'கெட் ரிட் ஆவ்' இடத்தில் 'எலிமினேட்', 'கோ அப்' இடத்தில் 'இன்கிரீஸ்' அல்லது 'ரைஸ்' போடலாம். வரைபடத்தை விவரிக்கும் பகுதியில் 'கோ அப்' நாலு முறை வந்தால் மட்டம்தான்.

பேச்சுத் தேர்வில் கதை தலைகீழ். 'ஐ டாலரேட் மை நெய்பர்ஸ்' என்று சொல்பவர் கெஸட்டிலிருந்து வாசிப்பவர் போல் ஒலிப்பார். 'ஐ புட் அப் வித் மை நெய்பர்ஸ்' என்றால் இயல்பு.

அழுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை, இதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. முதல் கூடைக்காரர்களில் அழுத்தம் வினையில்: 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்' என்பதில் 'லுக்' ஓங்கும், 'அட்' தேயும். பிரியும் வகையில் குட்டிச் சொல் ஓங்கும்: 'லுக் இட் அப்' என்பதில் 'அப்' பலமாக, 'இட்' காணாமலே போகும். பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முன்னால் ஓடிவிடும். 'த கார் பிரோக் டவுன்' என்பதில் 'டவுன்' ஓங்கும், 'எ பிரேக்டவுன்' என்பதில் 'பிரேக்' ஓங்கும்.

#12 அடிக்கோடு

ஒலி பற்றி: 'பிக் இட் அப்' என்று மூன்று சொல்லாக யாரும் சொல்வதில்லை. 'பிக்கிட்டப்'. 'புட் இட் ஆஃப்' 'புட்டிட்டாஃப்'. மெய்யெழுத்தில் முடிந்த சொல்லின் மேல் உயிரெழுத்து வந்து ஏறிக்கொள்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவதைப் பள்ளிக்கூடத்திலேயே புணர்ச்சி விதியில் படித்தவர்கள் நாம், இதில் திணற வேண்டியதே இல்லை. காதில் பிடிபடாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அமெரிக்கர்கள் வாயில் அந்த நடு 'ட்' இன்னும் மெலிந்து 'புடிடாஃப்' போலக் கேட்கும்.

#13 மதுரைப்பையன்

எல்லோருக்கும் நன்றி. இப்போது 150 என்று வைத்துக்கொண்டால் தினமும் எப்படிப் படிப்பது? வினைவாரியாக, அதாவது இன்று 'புட்', நாளை 'கெட்' என்று எடுக்கலாமா?

#14 வகுப்பறைமேசை

வேண்டாம் தம்பி. புத்தகங்கள் அப்படித்தான் அடுக்கியிருக்கும், அதுதான் தலையில் சிக்கு விழக் காரணம். 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் ஆன்', 'புட் அவே' நான்கையும் ஒரே நாளில் ஏற்றினால் நான்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒரே வினை வருபவற்றுக்கு நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

வாரத்துக்கு 5 எடுங்கள். சூழல் ஒன்றாக இருக்கட்டும், வினை வேறாக இருக்கட்டும். உதாரணமாக போன் பேச்சு: பிக் அப், ஹேங் அப், கால் பேக், கட் ஆஃப், ஹோல்ட் ஆன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் 'கால் ஆஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பார்த்து அடையாளம் காண மட்டுமே பழகுவீர்கள், அது உங்களுக்கு ஏற்கெனவே வருகிறது. முன்பக்கம் தமிழில் நிலைமையை எழுதுங்கள்: 'மழை. மேட்ச் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள்.' பின்பக்கம் நான்கு வரி:

தே கால்ட் ஆஃப் த மேட்ச்.
தே கால்ட் இட் ஆஃப்.
த மேட்ச் வாஸ் கால்ட் ஆஃப்.
வை டிட் தே கால் இட் ஆஃப்?

பெயர், 'இட்', செயப்பாட்டு, கேள்வி. நான்காவது வரி தடங்கலில்லாமல் வந்தால்தான் அந்த அட்டையை ஒதுக்கலாம். செயப்பாட்டில் குட்டிச் சொல்லைத் தொலைப்பவர்கள் அதிகம்: 'த சில்ட்ரன் ஆர் வெல் லுக்ட் ஆஃப்டர்' என்பதில் 'ஆஃப்டர்' போய்விட்டால் அர்த்தமே போய்விடும்.

பிரியாத வகைக்கு அட்டையின் மூலையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் போடுங்கள். மூன்று சொல் வருபவை, 'ரன் அவுட் ஆவ்', 'கம் அப் வித்', 'கேட்ச் அப் வித்', 'லுக் ஃபார்வர்ட் டு' எல்லாவற்றுக்கும் பூட்டுதான், 'இட்' கடைசியில் வரும். இதிலும் ஒரு முரண்டு பிடிக்கும் பிள்ளை உண்டு: 'கெட் இட் ஓவர் வித்'. தொல்லையான வேலையைச் செய்து தொலைப்பது. அங்கே 'இட்' நடுவில்தான்.

ஐந்தாம் நாள், அந்த ஐந்தையும் வைத்து ஒரு நிமிடம் பேசி போனிலேயே பதிவு செய்யுங்கள். கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'இட்' எங்கே விழுந்தது.

#15 மதுரைப்பையன்

சரிங்க. ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்.

1. தே புட் ஆஃப் இட் டு ஃப்ரைடே.
2. ஐ வில் ரிவர்ட் பேக் டு யூ திஸ் ஈவினிங்.
3. ப்ளீஸ் ஃபில் இன் திஸ் ஃபார்ம் அண்ட் ஹேண்ட் இட் ஓவர் பை மண்டே.
4. வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ.
5. ஷி கேம் அக்ராஸ் இட் ஆன் த பஸ் அண்ட் கேவ் இட் பேக்.

#16 இலக்கணக்கிறுக்கன்

1. 'தே புட் இட் ஆஃப் அன்டில் ஃப்ரைடே'. 'இட்' நடுவில். 'டு' இடத்தில் 'அன்டில்' அல்லது 'டில்'. 'மூவ்' போட்டிருந்தால் 'டு' வந்திருக்கும்.

2. பழக்கம் போகவில்லை பாருங்கள். 'ஐ வில் கெட் பேக் டு யூ'.

3. இலக்கணம் சரி, சொல் இடறுகிறது. 'ஹேண்ட் ஓவர்' பொறுப்பையோ சாவியையோ திருடிய பொருளையோ ஒருவரிடம் ஒப்படைப்பது. போலீஸ் வாடை அடிக்கும். விண்ணப்பம், வீட்டுப்பாடம், ராஜினாமா என்றால் 'ஹேண்ட் இன்'. ஆக 'ஹேண்ட் இட் இன் பை மண்டே'.

4. இந்த 'டு' முதல் கூடை பிரிப்பொசிஷன், அதற்குப் பின் வினை வந்தால் 'இங்' வேண்டும்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. சந்தேகம் வந்தால் அங்கே ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்' சரியாக ஒலிக்கிறதா? அப்படியானால் 'இங்' போடுங்கள்.

5. இதில் கை வைக்க ஒன்றுமில்லை. ஒரே வாக்கியத்தில் ஒரு 'இட்' பூட்டுக்கு வெளியே, இன்னொரு 'இட்' நடுவில். 'ஆன் த பஸ்' கூட சரி.